ஒரே கயிற்றில் மூன்று பேர்

ராசா,

பசறையிலிருந்து நீ போட்ட கடிதம் வந்து சில நாட்களாகிவிட்டன. உடனே பதில் எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. நான் எழுத்துக் கற்றது உன் பக்கத்தில் உட்கார்ந்து, உன் சிலேட்டில்தான். நீ ஓடுகிற பாதையில் நான் இன்னும் தடுக்கித் தடுக்கி நடக்கிறவள். அதோடு நீ கேட்டிருந்ததும் சட்டென்று பதில் சொல்லிவிடக்கூடிய விஷயமில்லை. பெண் வீட்டார் நல்ல மனிதர்கள், தலைக்கங்காணி குடும்பம், பெண்ணுக்கும் உன்னைப் பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். படிக்கப் படிக்க வயிறு குளிர்ந்தது. கடைசியில், அவர்கள் குலம் கோத்திரம் விசாரித்தால் அம்மா வழியை மட்டும் சொல்லிவிட்டு, அப்பா வழியைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். அந்த ஒரு வரியை நீ அடித்து அடித்து எழுதியிருப்பது மை கனத்துக் கிடப்பதிலேயே தெரிந்தது. உன் மேல் எனக்குக் கோபமில்லை. ஆசைப்பட்ட பெண் கைநழுவிப் போய்விடுவாளோ என்ற பயத்தில் ஆண்பிள்ளைக்குப் புத்தி எங்கெல்லாம் ஓடும் என்று எனக்குத் தெரியும். பதில் சொல்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதுவரை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, யாரோ ஒருவன் "ஒங்கம்மா ஓடிப்போனவ" என்று சொன்னதாக அழுதுகொண்டு வந்தாய். அவன் கிடக்கிறான் என்று சொல்லி, சீனி தூவிய ரொட்டியை உன் கையில் கொடுத்து வாயை அடைத்தேன். நாங்கள் ஓடிப்போகவில்லை ராசா. நாங்கள் மலை ஏறப் போனோம்.

அப்போது எங்கள் தோட்டம் எல்லை என்கிற ஊருக்கும் பண்டாரவளைக்கும் நடுவில் இருந்தது. இப்போது ரயில் பதுளைக்கே வந்துவிட்டது. அந்த நாளில் பண்டாரவளையோடு நின்றுவிடும். பெரிய துரையின் தங்கச்சி ஒருத்தி கப்பலேறி அண்ணனைப் பார்க்க வந்திருந்தாள். நாங்கள் அவளைச் சின்னத் துரைசாணி என்போம். நெடுநெடுவென்று, வெயிலில் சிவந்த முகம். அவள் ஊரில் மலைகள் எல்லாம் வெள்ளையாக இருக்குமாம், அவற்றில் கயிறு கட்டி ஏறுவது அங்கே பெரிய மனிதர்களின் பொழுதுபோக்காம். வந்த இடத்திலும் சும்மா இருக்கவில்லை. சனிக்கிழமை எல்லைப் பாறையில் ஏறுவது, ஞாயிற்றுக்கிழமை ஒஹியா ஊருக்கு மேலே பரந்து கிடக்கும் புல் சமவெளியின் ஓரத்தில் இருக்கும் ஒரு மொட்டை மலையில் உறைபனி படர்ந்திருக்கும்போது ஏறுவது என்று முடிவுசெய்துவிட்டாள். பங்களாவில் சமையல் செய்துகொண்டிருந்த உன் அப்பா மூட்டை சுமக்க. கூட ஒரு பெண்ணும் போகவேண்டும், இல்லாவிட்டால் தங்கச்சியை அனுப்பமாட்டேன் என்று துரை சொல்லிவிட்டார்.

காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி வந்து கேட்டார். "தொரசாணியோட மலைக்குப் போவ ஒரு பொம்பள வேணும். எவளுக்காச்சும் தைரியம் இருக்கா?" எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.

ஏன் தூக்கினேன் என்று அன்றைக்குப் பலர் கேட்டார்கள். எனக்கு வைகாசியில் கல்யாணம் பேசியிருந்தது. தாய்மாமன் மகன். கெட்டவனில்லை. பிறந்த காம்பராவிலிருந்து அதே லயத்து வீட்டு வரிசையில் இன்னொரு காம்பராவுக்கு நடந்து போகவேண்டும், அவ்வளவுதான் என் வாழ்க்கைப் பயணம். அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, தினமும் கொழுந்து கிள்ளும்போது அண்ணாந்து பார்க்கிற அந்தப் பாறைக்கு மேலே நின்று, எங்கள் மலை எப்படி இருக்கிறது என்று கீழே பார்க்கவேண்டும் போலிருந்தது. வேறு ஒன்றுமில்லை.

மாசி மாதம். மழை விட்டு வெயில் காய்கிற காலம். பாறை அடிவாரத்தில் துரைசாணி தன் பாவாடையை அவிழ்த்து மடித்து ஒரு கல்லுக்கு அடியில் வைத்தாள். உள்ளே ஆம்பிளைக் கால்சட்டை! நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உன் அப்பா எனக்கு முன்பே திரும்பி, தூரத்தில் இரண்டு மலைகளுக்கு நடுவே தெரிந்த இடைவெளியை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கலகலவென்று சிரித்துவிட்டு, கயிற்றின் ஒரு நுனியைத் தன் இடுப்பில் கட்டினாள். நடுவில் என்னைக் கட்டினாள். மறு நுனியை உன் அப்பா இடுப்பில் கட்டப் போனபோது அவர் ஓர் அடி பின்வாங்கினார்.

"அம்மா, அவங்களும் நானும் ஒரே கயித்துல... அது சரிப்படாதுங்க."

துரைசாணிக்கு விளங்கவில்லை. தோட்டத்துத் தமிழில் அவளுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். "கயிறு நல்ல கயிறு. பயம் வேணாம்" என்றாள்.

அவர் கயிற்றுக்குப் பயப்படவில்லை. துரை வீட்டில் மாட்டிறைச்சி ஆக்குகிறவர் என்று எங்கள் லயத்தில் அவர் கையால் தண்ணீர்கூட வாங்கமாட்டார்கள். அவர் பிறந்த சாதி அப்படி, எங்கள் சாதி இப்படி. உனக்கு இதை விளக்கத் தேவையில்லை, அதற்குப் பயந்துதானே நீயே எழுதியிருக்கிறாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கட்டுங்க. விழுந்தா அந்தச் சாதி இந்தச் சாதின்னு பள்ளம் பாக்கப்போறதில்ல." பெரிய ஞானத்தில் சொல்லவில்லை. நேரமாகிறது, வெயில் ஏறுகிறது, சீக்கிரம் ஏறவேண்டும் என்ற அவசரத்தில் சொன்னேன்.

அந்தப் பாறை ஏறியது எனக்கு ஆட்டம்போல இருந்தது. கல் காய்ந்து சூடாக இருந்தது. வெறுங்காலுக்கு நன்றாகப் பிடித்தது. கொழுந்து மலையில் செங்குத்துச் சரிவில் கூடையைச் சுமந்து நின்ற காலுக்கு அது ஒன்றும் புதிதில்லை. துரைசாணி மேலே போய் உட்கார்ந்து கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு கூப்பிடுவாள். நான் போவேன். பிறகு உன் அப்பா மூட்டையோடு வருவார். பாதி வழியில் ஒரு திட்டில் நிழலே இல்லை. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் இருந்தது உன் அப்பாவின் தகரக் குடுவையில் மட்டும். துரைசாணி குடித்தாள். அவர் குடுவையை என் பக்கம் நீட்டவில்லை. கீழே வைத்துவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார், "வேணும்னா எடுத்துக்கங்க. வேணாம்னா எறங்குனதும் ஊத்துத் தண்ணி இருக்கு." நான் எடுத்துக் குடித்தேன். தாகத்துக்குக் குடித்தேன் ராசா, உலகத்தைத் திருத்த அல்ல. ஆனால் நான் குடித்து முடிக்கும்வரை அவர் மூச்சுவிடவில்லை என்பதைக் கவனித்தேன்.

உச்சியில் நின்று கீழே பார்த்தேன். எங்கள் லயம் ஒரு தீப்பெட்டி அளவுதான் இருந்தது. அதற்குள்தான் நான் பிறந்தது முதல் கேட்ட சண்டை எல்லாம் நடந்தது என்பதை நம்பவே முடியவில்லை.

அன்று மாலையே பண்டாரவளையிலிருந்து ரயிலேறி ஒஹியா போய், ஒரு விடுதியில் தங்கினோம். நானும் துரைசாணியும் உள்ளே, உன் அப்பா சமையல் குசினியில். மறுநாள் கிழக்கு வெளுப்பதற்கு முன்னால் கிளம்பி மேலே ஏறி, சமவெளிக்குள் காலை வைத்தபோது நான் பயந்து நின்றுவிட்டேன். புல் முழுக்க வெள்ளை. யாரோ உப்பைக் கொட்டிவிட்டுப் போனமாதிரி. மிதித்தால் நொறுங்கியது. குட்டைத் தண்ணீர் மேலே கண்ணாடி போட்டிருந்தது. வாயைத் திறந்தால் புகை. முந்தின நாள் பாறையில் சுட்ட கால் அன்றைக்கு மரத்துப்போய், அது என் கால்தானா என்று குனிந்து பார்க்கவேண்டியிருந்தது.

உறைந்த பாறையில் கம்பளிக் காலுறை வழுக்காது என்று துரைசாணி ஒரு சோடியை எடுத்துக் கொடுத்தாள். இருந்தது ஒரு சோடிதான். அவளுக்கு ஆணி அடித்த சப்பாத்து இருந்தது. உன் அப்பா அந்தக் காலுறையை வாங்கி என் முன்னால் வைத்துவிட்டு, கோணிச் சாக்கைக் கிழித்துத் தன் கால்களில் சுற்றிக்கொண்டார்.

"ஒங்களுக்கு?" என்று கேட்டேன்.

"எனக்கு அடுப்படிக் காலு. குளிரு ஏறாது" என்றார்.

அது பொய் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அன்றைய ஏற்றம் முந்தின நாள் போல இல்லை. துரைசாணியே வேறு ஆளாகிவிட்டாள். சனிக்கிழமை பாட்டுப் பாடிக்கொண்டு ஏறியவள், அன்று வாயே திறக்கவில்லை. ஒரு பக்கம் கூர்மூக்கும் மறுபக்கம் மண்வெட்டி போலத் தட்டையுமான ஒரு கோடாலி வைத்திருந்தாள். ஒவ்வொரு அடிக்கும் அதால் தட்டிப் பார்ப்பாள், சுரண்டுவாள், பிறகு காலை வைப்பாள். நேற்றைக்குக் கை நம்பிய கல்லை இன்றைக்கு நம்பக்கூடாது. எல்லாமே மெழுகு பூசியமாதிரி. உச்சி தலைக்கு மேலேயே தெரிந்தது. கையை நீட்டினால் எட்டிவிடும்போல. அப்போது வெயில் மேல் பாறையில் பட்டது. பனி இளகிச் சொட்ட ஆரம்பித்தது. அவள் நின்று, அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போதும். கீழே போறோம்" என்றாள்.

எனக்கு வந்த ஏமாற்றத்தில் அழுகையே வந்துவிட்டது. "இந்தா இருக்குல்ல!" என்றேன். அவள் என் கன்னத்தைத் தட்டி, "மலை நாளைக்கும் இருக்கும். நீ இருக்க வேணும்" என்றாள். நேற்று யாரும் ஏறாத பாறையில் ஏறி நின்றவள் அவள். அவளுக்கே இன்று திரும்பிப் போவதில் வெட்கமில்லை. நீ வேலைக்குப் போன புதிதில், ஒப்புக்கொண்டதை எப்படியும் முடிக்கவேண்டும் என்று காய்ச்சலோடு மழையில் போய் நின்றாயே, அன்றைக்கு உனக்கு இதைச் சொல்லியிருக்கவேண்டும்.

இறங்கும்போது உன் அப்பா முன்னால், நான் நடுவில், எல்லாருக்கும் மேலே காவலாகத் துரைசாணி. மேலே இளகிய தண்ணீர், வெயில் படாத ஒரு சரிவில் வழிந்து மறுபடி இறுகிக் கிடந்தது. உன் அப்பா காலை வைத்தார். சாக்குத்துணி நனைந்து விறைத்திருந்தது. சத்தமே இல்லை ராசா. இருந்தவர் இல்லை. அப்புறம்தான் கயிறு என் இடுப்பை அறுத்தது.

நான் குப்புற விழுந்து இழுபட்டேன். பாறை இடுக்கில் முறுக்கிக்கொண்டு நின்ற ஒரு குட்டை மரத்தின் வேரில் கால் மாட்டியது. அதில் காலைக் கொடுத்துக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தேன். மேலே துரைசாணி அவள் மொழியில் ஏதோ கத்தினாள். பிறகு தமிழில், "விடாதே! நான் வாரேன்! விடாதே!" என்றாள். கோடாலியைக் கல் பிளவில் அடித்து அதில் கயிற்றைச் சுற்றுகிற சத்தம் கேட்டது. கீழே உன் அப்பாவின் தலையும் தோளும் மட்டும் சரிவின் விளிம்புக்கு மேலே தெரிந்தன. மிச்ச உடம்பு மஞ்சுக்குள் தொங்கியது. அடியில் எவ்வளவு ஆழம் என்று தெரியவில்லை.

அவர் மெதுவாகத்தான் பேசினார். "தாயி, முடிச்ச அவுத்து விட்ருங்க. ஒங்களையும் இழுத்துக்கிட்டுப் போயிருவேன்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "வாய மூடு! காலுக்கு எடம் பாரு!" என்று கத்தினேன். உன் அப்பாவை நான் ஒருமையில் பேசியது அந்த ஒரு தடவைதான். அவரும் வாயை மூடிக்கொண்டு இடம் பார்த்தார்.

துரைசாணி வந்து சேர்ந்து, இருவருமாக இழுத்து, அவரை ஒரு மேடைக்கு ஏற்றினோம். கணுக்கால் ஒடிந்திருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. குளிரில் பல் அடித்துக்கொண்டது. என் உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து எரிந்தன. புட்டியில் மிச்சமிருந்த தேத்தண்ணியை நான்தான் அவருக்கு ஊட்டினேன். சமவெளி முழுக்க ஒரு தோளுக்குத் துரைசாணி, மறு தோளுக்கு நான் என்று தாங்கிக்கொண்டு நடந்தோம். வழியெல்லாம் அவர் "மன்னிச்சுக்கங்க, மன்னிச்சுக்கங்க" என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தார். காலுறையை எனக்குக் கொடுத்ததால்தான் விழுந்தார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதில்லை.

ஒஹியா ரயிலடியில் எங்கள் தோட்டத்து ஆட்கள் சிலர் நின்றிருந்தார்கள். அவர் கை என் தோளில் கிடந்ததைப் பார்த்தார்கள். நான் வீடு போய்ச் சேருவதற்கு முன்னால் அந்தச் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. மாமன் வாசலிலேயே நின்று, "கயித்துல கட்டிக்கிட்டு ரெண்டு நாளு அவன்கூடச் சுத்திட்டு வந்தவ எம் மகனுக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் அம்மா மண்ணை வாரித் தூற்றினாள். துரைசாணிக்கு இதெல்லாம் தெரியாது. என் கைக்கு மருந்து கட்டி, கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டுக் கப்பலேறிப் போனாள். நல்லவள்தான். எங்கள் மூவரையும் ஒரே கயிற்றில் கட்டினவள், அதை அவிழ்த்த பிறகு எங்களுக்கு என்ன ஆகும் என்று அவளுக்கு யோசிக்கத் தெரிந்திருக்காது.

மிச்சமிருந்தது என் அப்பா, உன் தாத்தா. மறுநாள் வேலை முடிந்து, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி கையில் இருக்கும்போதே, நேராகப் பங்களாவின் பின்பக்கம் போனார் என்று கேள்விப்பட்டு நான் ஓடினேன். குசினிக்குப் பக்கத்து அறையில் உன் அப்பா காலில் கட்டோடு எழுந்திருக்கப் பார்த்தார். தாத்தா வாசற்படிக்கு வெளியே குந்தியிருந்தார்.

"என்ன நடந்துச்சு? உள்ளத உள்ளபடி சொல்லு."

அவர் சொன்னார்.

"அவுத்து விடச் சொன்னியா?"

"சொன்னேங்க."

"அவ என்ன சொன்னா?"

உன் அப்பா தயங்கினார். "வாய மூடச் சொன்னாங்க."

தாத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "அவ ஆத்தா மாதிரியே" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். வழியில் என்னைப் பார்த்தார். "அவனக் கட்டிக்கிறியா?" என்று கேட்டார்.

"ஊரு பேசுதேன்னு கட்டிக்க மாட்டேன்" என்றேன். "அவரா வந்து கேட்டா யோசிக்கிறேன்."

அவர் உடனே வந்து கேட்கவில்லை. கால் ஊன்ற ஆரம்பித்தபிறகு, நான் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் தள்ளி நின்று கேட்டார். "என்னால ஒங்களுக்குப் பேரு கெட்டுப்போச்சு. அதுக்காகன்னா வேணாங்க. அது ஒங்களுக்குத் தண்டனையாப் போயிரும். ஒங்களுக்கு மனசிருந்தா மட்டும் சொல்லுங்க." நான் குடத்தை நிரப்பி, இடுப்பில் வைத்துக்கொண்டு, "மனசிருக்கு" என்றேன். இதுதான் நாங்கள் ஓடிப்போன கதை. பதுளைக்கு வந்து கோயிலில் தாலி கட்டினோம். தாத்தா வந்து நின்றார். அம்மா வரவில்லை. துரை ஒரு சிபாரிசு எழுதிக் கொடுத்ததில், உன் அப்பாவுக்கு இங்கே பயணிகள் தங்குகிற வாடிவீட்டில் சமையல் வேலை கிடைத்தது.

என் அம்மாவைப்பற்றி ஒன்று சொல்லவேண்டும். நீ பிறந்த பிறகு அவள் வர ஆரம்பித்தாள். வாசலுக்கு வெளியே நிற்பாள். உன்னைத் தூக்கிக் கொஞ்சுவாள். கடைசிவரை என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. எனக்கு ஆரம்பத்தில் வயிறெரியும். உன் அப்பாதான் சொன்னார், "அவங்களால முடிஞ்சது அவ்வளவுதான். அவ்வளவையும் மலை தாண்டி நடந்து வந்து குடுக்குறாங்கல்ல." அவர் வெயிலோ மழையோ பார்க்காமல் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே போட்டுவிட்டு உள்ளே வந்துவிடுவார். உன் மாமனார் வீட்டிலும் யாராவது வாசலுக்கு வெளியே நிற்கிறவர்களாக இருக்கலாம். அவர்களுக்கு ஒரு நாற்காலி போடப் பழகிக்கொள். அதற்காக, உள்ளே இருக்கிற உன் அப்பாவை ஒளித்துவைக்க வேண்டியதில்லை.

நான் உனக்குக் கட்டளை போடவில்லை. ஒன்று மட்டும் செய். கங்காணியாரிடம் போவதற்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் சொல். அவள் அப்பா என்ன சொல்வாரோ என்பது வேறு, அவள் என்ன சொல்கிறாள் என்பதுதான் உனக்குத் தெரியவேண்டும். சொல்லி, அவள் போய்விட்டால் உனக்கு வலிக்கும். நான் பசறைக்கு வந்து உன் பக்கத்தில் இருப்பேன். சொல்லாமல் அவளைக் கட்டிக்கொண்டால், உன் அப்பா உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நீ அவரைப் பார்த்துப் பயப்படுவாய். தன் மகன் தன்னைப் பார்த்துப் பயப்படுவதை அவர் கண்டுகொள்ள எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறாய்?

உன் கடிதத்தை அவருக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். அந்த ஒரு வரியை விட்டுவிட்டு வாசித்தேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றே கடைத்தெருவுக்குப் போய் நாநாவின் துணிக்கடையில் கரை வேட்டி ஒன்று வாங்கி வந்துவிட்டார். கல்யாணச் சமையலுக்கு யார் வந்தாலும் பாயசத்தைத் தான்தான் காய்ச்சுவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார். நேற்றுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கையை இலையில் அப்படியே வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார், "ஏம்மா, கங்காணியார நான் என்னன்னு கூப்புடுறது? 'சம்பந்தி'ன்னு கூப்புடலாமா?"

உனக்கு எழுதிக் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவருக்கு என்ன பதில் சொல்லட்டும், ராசா?

உன் அம்மா